வில்லங்கம் இல்லை என்று எழுதுகிறவர்

குற்றாலக் குறவஞ்சியை எழுதிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார் என்று இலக்கிய வரலாறு சொல்கிறது. அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். காலம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஒரு கவிதைக்குக் கிடைத்த பரிசு என்ற அளவில் நாம் அந்தக் கதையை முடித்துக்கொள்கிறோம். இதே செய்தியைத் தென்காசி கோர்ட் வாசலில் நிற்கும் ஒரு பேங்க் வக்கீலிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கவிதையைப் பற்றிக் கேட்கமாட்டார். "எந்த இனாம்? டி.டி. நம்பர் இருக்கா? அறுபத்துமூணுக்கு அப்புறம் யார் பேர்ல பட்டா வந்துச்சு?" என்றுதான் கேட்பார்.

அவர் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. அரசன் கொடுத்த நிலம் என்றால் இனாம். இனாம் என்றால் நீளமான ஒரு காகிதச் சங்கிலி. கம்பெனி ஆட்சி முடிந்த 1858-லேயே மெட்ராஸ் மாகாணத்தில் இனாம் கமிஷன் உட்கார்ந்தது. யாரிடம் எந்த மானிய நிலம் இருக்கிறது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று ஊர் ஊராக விசாரித்துப் பதிவேடு போட்டது. நம்பர் போட்டு உரிமைச் சீட்டு கொடுத்தது. அந்த நம்பர்தான் டி.டி. நம்பர். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963-ல் சிறு இனாம்களை ஒழிக்கும் சட்டம் வந்து, பழைய சீட்டு போய், ரயத்துவாரி பட்டா வந்தது. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் திரும்பவும் எழுதப்பட்டன. அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயின. ஒவ்வொரு முறை பெயர்த்து எழுதும்போதும் ஒரு பெயர் விழுந்திருக்கலாம், இன்னொரு பெயர் நுழைந்திருக்கலாம்.

இந்தச் சங்கிலி எங்கும் அறவில்லை, நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரைத்தான் பேங்க் வக்கீல் என்கிறோம். பேங்க் பாஷையில் பேனல் அட்வகேட். அந்தக் கையெழுத்து எப்படி வந்தது, அதைப் போடுகிறவர் அந்தப் பட்டியலில் எப்படி நீடிக்கிறார், அவர் நீடிப்பதற்கு யார் விலை கொடுக்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பத்திரம் இருந்தால் போதாதா?

வீட்டு லோனுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, சிபில் ஸ்கோர் எல்லாம் சரியாக இருக்கும். மேனேஜரும் சிரித்த முகமாக இருப்பார். கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார்: "லீகல் பாக்கணும். நம்ம பேனல் வக்கீல்கிட்ட பேப்பர கொடுத்திருங்க." அங்கேதான் லோன் நிற்கும். ஒரு வாரமும் நிற்கலாம், ஒரு வருஷமும் நிற்கலாம்.

"பத்திரம் ரிஜிஸ்தர் ஆயிருக்கே, பிறகென்ன?" என்று எல்லோருக்கும் கோபம் வரும். கோபம் நியாயமானது, ஆனால் இடம் தவறியது. மெட்ராஸ் மாகாணத்தில் பதிவுத் துறை 1864-ல் தொடங்கியது. இன்று நடப்பில் இருப்பது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். இந்த நூற்றைம்பது சொச்சம் வருஷமும் சப்-ரிஜிஸ்தர் செய்வது ஒரே வேலை. நீங்கள் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தீர்கள், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்று அவர் பதிந்துகொள்வார். நிலம் உங்களுடையதா என்று அவர் விசாரிப்பதில்லை. சட்டம் அவரிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

தமிழ்நாடு அரசு இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றப் பார்த்தது. போலிப் பத்திரங்கள் பெருகியதால், முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் புதிதாகப் பதியலாம் என்று பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒரு விதியைச் சேர்த்தது. 2025 ஏப்ரல் 7-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. உரிமை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் அதிகாரத்துக்குள் வராது என்பதுதான் காரணம். ஆக, அரசாங்கத்தின் முத்திரை விழுந்த காகிதம் ஒன்று நம் கையில் இருக்கிறது. அது உண்மைதான் என்பதற்கு அரசாங்கம் பொறுப்பில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் முறை என்று ஒன்று வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அதற்கு அரசு உத்தரவாதம். இங்கிலாந்திலும் உரிமையையே பதியும் முறை மெல்ல வளர்ந்து, 1990 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் கட்டாயமானது. பதிவேட்டில் தப்பு இருந்து ஒருவர் நஷ்டப்பட்டால் அரசு இழப்பீடு கொடுக்கும். நமக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தவர்கள் தங்கள் ஊரில் வேறு முறைக்குப் போய்விட்டார்கள். நாம் பழையதிலேயே இருக்கிறோம். நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் பேனல் வக்கீலின் பிழைப்பு இருக்கிறது.

பத்திரத்தைக் கையில் கொடுப்பது

முன்காலத்தில் இந்த வேலைக்கு வக்கீல் தேவைப்படவில்லை. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஊர். ஒற்றிக்கோ போக்கியத்துக்கோ நிலத்தை வாங்குகிறவருக்கு அந்த வயலின் வரப்பு தெரியும், எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது என்று தெரியும், அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை என்றும் தெரியும். அவருடைய ஞாபகமே அவருக்கு வில்லங்கச் சான்று.

பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கும் பழக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1783-ல் லண்டனில் ஒரு தீர்ப்பு. தனியாக அடமானப் பத்திரம் எழுதாவிட்டாலும், சொத்துப் பத்திரத்தைக் கடன்காரரிடம் ஒப்படைத்துவிட்டால் அதுவே அடமானம் என்றது. நம் மெட்ராஸிலும் வியாபாரிகள் அதையே செய்துவந்தார்கள். அப்படி ஒரு வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1862-ல் இங்கும் அது செல்லும் என்று ஆனது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் போன்ற சில பெரிய நகரங்களில் வைத்துக் கொடுத்தால்தான் செல்லும். நிலம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. தென்காசியில் இருக்கும் வயலின் பத்திரத்தை மெட்ராஸில் வைத்துக் கொடுக்கலாம். தென்காசியில் வைத்துக் கொடுக்க முடியாது. நகரத்து வியாபாரிக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு முத்திரைத்தாள் வாங்கி, எழுதி, பதிய வேண்டிய இன்னொரு சட்டம். பிற்காலத்தில் அரசு அறிவிக்கை வழியாக ஒவ்வொரு ஊராக அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இன்றைக்கும் அந்தச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் அந்த மூன்று பெருநகரங்களின் பெயர் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பத்திரத்தை ஒப்படைத்ததற்கான உடன்படிக்கையையும் பதிய வேண்டும். எம்.ஓ.டி. போடுவது என்று சொல்கிறோமே, அதுதான். அதற்கு முன்னால், ஒரு பேங்கில் பத்திரம் இருப்பது வில்லங்கச் சான்றில் தெரியாமலே போக வழி இருந்தது. ஒரே வீட்டுக்குக் கலர் ஜெராக்ஸில் இரண்டு பத்திரம் தயார் செய்து இரண்டு பேங்கில் கடன் வாங்கும் வித்தை அந்த இருட்டில்தான் நடந்தது. அதைத் தடுக்க மத்திய அரசு 2011 மார்ச் 31 முதல் செர்சாய் என்ற மையப் பதிவேட்டையும் கொண்டுவந்தது.

பேங்க் எப்போதும் வெளியூர்க்காரன்

1969 ஜூலை 19-ல் 14 பேங்குகள் நாட்டுடைமை ஆயின. கிளைகள் சிறிய ஊர்களுக்கு வந்தன. 1977-ல் ஹெச்.டி.எஃப்.சி. தொடங்கி வீட்டுக் கடனுக்கென்றே ஒரு தொழில் உருவாகி, 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி வந்தது. சாதாரண மாதச் சம்பளக்காரரும் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு பேங்க் வாசலில் நிற்க ஆரம்பித்தார்.

பழைய வட்டிக்காரருக்கு இருந்த அறிவு பேங்குக்குக் கிடையாது. மேனேஜர் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாறுவார். இன்று தென்காசியில் இருப்பவர் அடுத்து எங்கோ வடக்கே போவார். அவருக்கு இந்த ஊர் வரப்பும் தெரியாது, வாரிசும் தெரியாது. அந்த ஊர் ஞாபகத்தை பேங்க் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

அதைச் சம்பளத்துக்கு வைத்து வாங்க முடியுமா? முடியாது. முழுநேரச் சம்பளத்துக்குப் போகிறவர் வக்கீல் தொழில் நடத்தக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இங்கிலாந்தில் சொத்துப் பத்திர வேலையைச் செய்வதற்கென்றே சொலிசிட்டர்கள் உண்டு. நம் நாட்டில் அட்டர்னி என்ற பெயரில் அந்த இனம் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் உயர் நீதிமன்றங்களைச் சுற்றித்தான் இருந்தது. 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்துக்கு 1976-ல் வந்த திருத்தத்தோடு அதுவும் முடிந்தது. மொஃபசல் ஊர்களில் பத்திரம் எழுத பத்திர எழுத்தர் இருந்தார், வழக்காட வக்கீல் இருந்தார். பத்திரத்தைச் சரிபார்க்க என்று தனியாக யாரும் இல்லை. அதனால் பேங்க் வழக்காடுகிற வக்கீல்களிலேயே சிலரைப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டது. அதுதான் பேனல்.

பேனலுக்குள் போவதும் இருப்பதும்

பேங்குக்கு பேங்க் விதி வேறு. பொதுவான நடைமுறை இதுதான். இத்தனை வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பார் கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று எல்லாம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். கிளை மேனேஜர் சிபாரிசு செய்வார், மண்டல அலுவலகத்தின் சட்டப் பிரிவு ஒப்புதல் கொடுக்கும். இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்குப் பேர் இருக்கும். பிறகு வேலையைப் பார்த்து நீட்டிப்பார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையையும் கடிதத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள். சம்பளம் கிடையாது. ஒரு ஃபைலுக்கு இவ்வளவு என்று கட்டணம். அதைக் கட்டுவது லோன் கேட்டு வந்தவர்.

வேலை என்னவோ சின்னது மாதிரித் தெரியும். உண்மையில் ஒழுங்காகச் செய்தால் முதுகு ஒடியும். பொதுவாக 30 வருஷத்துக்குப் பின்னால் போக வேண்டும். இந்த 30 எங்கிருந்து வந்தது? 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில், அடமானத்தை மீட்க வழக்குப் போட 30 வருஷம், அரசாங்கம் வழக்குப் போட 30 வருஷம். தனியாள் அனுபவத்தை எதிர்த்து வழக்குப் போட 12 வருஷம். 30 வருஷம் பழைய, உரிய இடத்திலிருந்து வரும் பத்திரத்தை நீதிமன்றம் உண்மை என்று அனுமானிக்கலாம் என்பது சாட்சியச் சட்டம். எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைப் பழக்கமாக்கிவிட்டன.

பதிவு அலுவலகத்தில் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று பெயர் வரிசை, இன்னொன்று சொத்து வரிசை. கம்ப்யூட்டரில் ஏறாத பழைய வருஷங்களுக்குக் கையால் எழுதிய அட்டவணையைத்தான் புரட்ட வேண்டும். நம் பக்கத்தில் குற்றாலநாதர் பெயரை வைத்துக்கொண்டவர்கள் நிறைய. ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் குற்றாலிங்கம், இன்னொன்றில் குத்தாலிங்கம், மூன்றாவதில் வெறும் குத்தாலம். மூன்றும் ஒரே ஆளா, மூன்று ஆளா? சொத்து அட்டவணைக்குப் போனால் சர்வே நம்பர் உட்பிரிவாகி மாறியிருக்கும். அசல் பத்திரத்தை நம்பாமல் அலுவலகத்தில் நேரடியாக நகல் எடுத்து, அசலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முதல் நாள் மறுபடி ஒரு தடவை ஈ.சி. பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் கிடைக்கிற கட்டணம் சொற்பம். அதனால் வேலையை ஜூனியரிடமோ, பதிவு அலுவலக வாசலில் இருக்கிற ஆளிடமோ தள்ளிவிட்டுக் கையெழுத்தை மட்டும் போடுகிறவர்களும் உண்டு.

ஆனாலும் பேனலில் இருப்பதை யாரும் விடமாட்டார்கள். வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது என்பது விதி. சிறிய ஊரில் 'இன்ன பேங்க் வக்கீல்' என்ற பேச்சுத்தான் விளம்பரம். அதை வைத்துத்தான் கிரயப் பத்திரம் வரும், பாகப்பிரிவினை வரும், வழக்கு வரும். நாள்பட நின்றால் கட்டணத்தைவிட அந்தப் பேர்தான் சோறு போடும்.

அதனால் பேனல் வக்கீல் மூன்று பேருக்கு நடுவில் நிற்கிறார். மேனேஜருக்கு மாதக் கடைசிக்குள் இலக்கு முடிய வேண்டும். அவர் "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்பார். காசு கொடுப்பவர் கடன்காரர். அவருக்கு 'ஆம்' என்ற பதில் வேண்டும். என்றைக்கோ ஒருநாள் கடன் வாராக்கடனாகி கோர்ட்டுக்குப் போனால் கேள்வி வரப்போவது இவர் கையெழுத்துக்கு. நெருக்குகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர், பதில் சொல்ல வேண்டியவர் மூன்றாமவர்.

கையெழுத்து கோர்ட்டுக்குப் போனபோது

ஹைதராபாத்தில் விஜயா பேங்கின் நாராயணகூடா கிளையில் 22 பேருக்குக் கொடுத்த வீட்டுக் கடனில் மோசடி என்று 2005-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. நஷ்டக் கணக்கு 1.27 கோடி ரூபாய். மேனேஜரோடு சேர்த்து, ஒப்பீனியன் கொடுத்த பேனல் வக்கீலும் குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 செப்டம்பர் 21-ல் நீதிபதிகள் பி. சதாசிவமும் ரஞ்சன் கோகோயும் அந்த வக்கீலை விடுவித்தது சரி என்று சொன்னார்கள். ஒப்பீனியன் தப்பாகப் போனது என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார். மோசடித் திட்டத்தில் அவரும் கூட்டு என்று காட்டினால்தான் குற்றம். கவனக்குறைவு என்றால் நஷ்ட ஈட்டு வழக்கோ பார் கவுன்சில் நடவடிக்கையோ வரலாம், ஜெயில் அல்ல.

வக்கீல்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஜெயிலைவிடப் பக்கத்தில் இருக்கும் பயம் வேறு. 2009 மார்ச்சில் ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குகளுக்கும் எழுதியது: மோசடியில் பங்கு இருக்கும் வக்கீல், மதிப்பீட்டாளர், ஆடிட்டர் பெயர்களை இந்திய வங்கிகள் சங்கத்துக்குச் சொல்லுங்கள். சங்கம் அதை எச்சரிக்கைப் பட்டியலாக எல்லா பேங்குக்கும் அனுப்பும். பெயரைச் சேர்ப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவரை விசாரிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் பெயர் ஏறிவிட்டால் ஒரு பேங்க் அல்ல, எல்லா பேங்கின் கதவும் மூடும். 2013 ஜூனில், 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடன்களுக்குச் சொத்துப் பத்திரங்களை அவ்வப்போது திரும்ப ஆடிட் செய்யச் சொன்னது ரிசர்வ் பேங்க். அதாவது ஒரு வக்கீல் எழுதியதை இன்னொரு வக்கீல் தோண்டிப் பார்ப்பார்.

2025 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் ஒரு தீர்ப்பில் இந்தப் பிரச்சினையின் அடிமடியில் கை வைத்தார்கள். மலிவாகவும் சில நேரம் வேறு காரணங்களுக்காகவும் வாங்கப்படும் அரைகுறை ஒப்பீனியன்களை நம்பி பேங்குகள் பொதுப் பணத்தைக் கொடுப்பதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ஒப்பீனியன் எப்படி இருக்க வேண்டும், கடனை ஒப்புக்கொள்ளும் அதிகாரியின் பொறுப்பு என்ன என்பதற்கு ஒரே மாதிரியான ஒழுங்கு வேண்டும், ரிசர்வ் பேங்கும் மற்றவர்களும் சேர்ந்து அதை உருவாக்க வேண்டும் என்றார்கள்.

உரிமைக்கு அரசு உத்தரவாதம் தரும் நாட்டில் இந்தப் பிரச்சினையே இருக்காது என்று தோன்றும். அப்படியும் இல்லை. இங்கிலாந்தில் 2012-ன் தொடக்கத்தில் ஹெச்.எஸ்.பி.சி. பேங்க் வீட்டுக் கடன் வேலைக்கு 43 சொலிசிட்டர் நிறுவனங்களை மட்டும் பேனலில் வைத்துக்கொண்டது. தெருமுனையில் காலங்காலமாக இந்தத் தொழில் செய்த சிறிய நிறுவனங்கள் ஒரே நாளில் வெளியே நின்றன. அதற்கு முந்தைய வருஷம்தான் அங்குள்ள சட்டச் சங்கம் இந்த வேலைக்கென்று ஒரு தரச் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பதிவேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பணம் கொடுக்கிறவன் தனக்குப் பழக்கமான கையெழுத்தைத்தான் தேடுகிறான்.

தவறான 'இல்லை'

இதுவரை சொன்ன சட்டம், சுற்றறிக்கை, தீர்ப்பு எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எல்லாம் தவறான 'ஆம்' பற்றியவை. கொடுத்திருக்கக்கூடாத கடனுக்குக் கொடுத்த ஒப்பீனியன். கொடுத்திருக்க வேண்டிய கடனுக்கு 'இல்லை' என்று எழுதிய ஒப்பீனியனைப் பற்றி ஒரு வரி இல்லை. தவறான 'ஆம்' வக்கீலின் பெயரை எச்சரிக்கைப் பட்டியலில் ஏற்றும். தவறான 'இல்லை' எந்த ஃபைலிலும் குற்றமாக ஏறாது. பேனலில் நீடிக்க விரும்பும் புத்திசாலி என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் தள்ளிவிடுவார்.

தென்காசி மாதிரியான ஊரில் சந்தேகம் வர ஆயிரம் காரணம் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம். அங்குள்ள பழைய ஆவணங்களில் மலையாளம் வரும், கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் 1112 என்றால் 1936-37 என்று கணக்குப் போடத் தெரிந்த, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. படிக்கத் தெரியாததை எந்த வக்கீல் துணிந்து 'சரி' என்பார்?

குற்றாலம், தென்காசி இரண்டும் கோயில் ஊர்கள். கோயில் நிலம் என்றால் 1959-ஆம் வருஷத்து அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு நிற்கும். ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றது செல்லாது. இதில் விவாதமே இல்லை, காக்கப்பட வேண்டிய நிலம். ஆனால் பக்கத்து சர்வே நம்பர்காரர், கோயில் பெயர் எங்கோ ஒரு பழைய பதிவேட்டில் இருப்பதால் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்பார். வக்கீல் படிப்புப் படித்து, அறநிலைய வாரியக் கமிஷனராகவும் இருந்து, கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே.சி.யை நாம் கவிதைக்காக நினைக்கிறோம். இந்த ஊரில் கவிதை, கோயில், நிலம், சட்டம் நான்கும் அவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

யு.டி.ஆரில் பெயர் மாறிப் போனவர்கள் தனிக் கூட்டம். தாத்தா பெயரில் பத்திரம் இருக்கும், பட்டா பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். நத்தத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் காட்டப் பத்திரமே இருக்காது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, அதற்கு முன் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு பிளாட் வாங்கியவர்கள் திகைத்து நின்றார்கள். 2017-ல் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் வழி திறந்தது. 'இல்லை' என்ற பதில் வசதியானவரைப் பெரிதாகப் பாதிக்காது. அவருக்கு வேறு சொத்து இருக்கும். ஒரே ஒரு காரை வீடு வைத்திருப்பவர் நேராகத் தனியார் ஃபைனான்ஸுக்குப் போவார். அங்கே வட்டி அதிகம்; கேள்வி குறைவு.

இந்தப் பயத்திலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது. பெண்களின் பங்கு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும். தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த பாகப்பிரிவினைக்கு மட்டும் விலக்கு. சட்டப் புத்தகத்தில் இது வந்ததும் எந்த அண்ணனும் தங்கையைக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்துவிடவில்லை. வீட்டு லோனுக்குப் போனபோது பேங்க் வக்கீல் சொன்னார்: "அண்ணாச்சி, எல்லாம் கிளியரா இருக்கு. ரெண்டு தங்கச்சியும் விடுதலைப் பத்திரம் போட்டுத் தந்தாத்தான் ஆகும்." அந்த நாளில்தான் பல குடும்பங்களில் தங்கச்சியின் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. அவள் ஒரு பட்டுச்சேலைக்குக் கையெழுத்துப் போட்டாளா, பங்குக்குப் போட்டாளா என்பது வேறு கதை. ஆனால் போடாவிட்டால் வேலை நடக்காது என்று வீட்டுக்குத் தெரிந்தது.

அதே சமயம், 2020-க்கு முன்னால் அன்றைய தீர்ப்புகளை வைத்து, தங்கையின் கையெழுத்து வேண்டாம் என்று எழுதிய ஒப்பீனியன்கள் இன்று பழுது மாதிரித் தெரியும். சட்டம் பின்னோக்கி மாறியது. கையெழுத்து அங்கேயே நிற்கிறது. எழுதியவரின் பயம் இன்னும் கூடும், அடுத்த ஃபைலில் 'இல்லை' இன்னும் சுலபமாக வரும்.

என்ன செய்யலாம்? கட்டணம் உழைப்புக்கு ஏற்றதாக வேண்டும். மலிவான ஒப்பீனியனைத்தான் உச்ச நீதிமன்றமே நோய் என்கிறது. லோன் கேட்டவர் காசு கொடுத்து வாங்கிய ஒப்பீனியன் பொதுவாக பேங்க் ஃபைலுக்குள் போய் மறைந்துவிடுகிறது. அதில் ஒரு நகல் அவருக்கும் கிடைக்க வேண்டும். மறுத்தால் எந்தப் பத்திரம் குறைகிறது, எந்த வருஷத்தில் சங்கிலி அறுகிறது, எதைக் கொண்டுவந்தால் சரியாகும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பேனலில் ஒருவரை நீட்டிக்கும்போது அவர் எத்தனை கடனைக் காப்பாற்றினார் என்று பார்ப்பதோடு, எத்தனை பேரைக் காரணமில்லாமல் திருப்பி அனுப்பினார் என்றும் பார்க்க வேண்டும். 1864-லிருந்து அரசாங்கம் ஏற்காத பொறுப்பு ஒன்றை தென்காசியில் ஒரு வக்கீல் சொற்பக் கட்டணத்துக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கான வட்டியை மட்டும் அவர் கட்டுவதில்லை. 'லீகல் சரியில்லை' என்ற இரண்டு வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்புகிறாரே, அவர்தான் கட்டுகிறார்.